ஒரு வரியும் விடாமல்

குவோப்பியோ,
6 நவம்பர் 2006

ஆர்மாஸ்,

உன் முகவரி மாறியிருந்தால் இந்தக் கடிதம் திரும்பி வரும். திரும்பி வந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டுதான் அடிக்கிறேன். அதே பழைய தட்டச்சுப் பொறிதான். நாடா காய்ந்துபோய் எழுத்தே விழாவிட்டால் அதுவும் எனக்குத் தெரியப்போவதில்லை. வெற்றுத் தாளைப் பார்த்து நீ யோசித்துக்கொண்டிரு.

பதினான்கு வருஷம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். ஒரு வேலைக்காக. வேறொன்றும் இல்லை.

பேசும் புத்தகங்களை நூலகம் இனிமேல் கேசட்டில் அனுப்பாதாம். இந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்கள். இனி எல்லாம் கணினி வழியாகத்தான். சரி என்று ஒன்று வாங்கினேன். கடையிலிருந்து ஒருவர் வந்தார். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் வைத்து, கம்பிகளையெல்லாம் செருகிவிட்டு, "முடிஞ்சதும்மா. ஒரே ஒரு பொத்தான் பாக்கி. அழுத்திடட்டுமா?" என்றார்.

"என்ன பொத்தான்?"

"ஒப்பந்தம். 'ஏற்கிறேன்'னு இருக்கு. ஒண்ணுமில்ல."

"எதை ஏற்கிறேன்?"

"அது நிறைய இருக்கும்மா. யாரும் படிக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல நானே படிச்சதில்ல."

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திய பிறகுதான் அதைக் கணினியில் ஏற்ற முடியும். அதாவது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்க வேண்டுமானால், முதலில் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். அவரிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். "அதான் நான் அழுத்தறேன்னு சொல்றேனே" என்றார். கையைத் தட்டிவிட்டேன். "அப்போ திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றால், "பெட்டியப் பிரிச்சாச்சும்மா, எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். ஒப்பந்தத்தைப் பதினேழு பக்கத்தில் அச்சிட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு, அச்சிட்டு! கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'பார்வையுள்ள குடும்பத்தினர் எவரையாவது அழுத்தச் சொல்லலாம்.' சீட்டை ரைலி படித்துச் சொன்னாள். ரைலி நகராட்சி அனுப்பும் உதவியாள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம். ஒப்பந்தம், கையெழுத்து போன்றவற்றில் தலையிடக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், பிரெயிலில், மாற்றித் தரும் இடத்தில் கேட்டேன். ஜூன் ஆகுமாம்.

புள்ளி எழுத்துக் குத்தத் தெரிந்த, கண் பார்வை உள்ள ஆள் என்று எனக்குத் தெரிந்தது நீ ஒருவன்தான். நான் பள்ளி விடுமுறைக்கு வந்தபோது சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். உனக்கு ஏழு வயது. மறந்துபோயிருந்தால் மறந்துவிட்டது என்று எழுது, ரைலி படித்துச் சொல்வாள்.

மறக்கவில்லை என்றால், அந்தப் பதினேழு பக்கத்தையும் எனக்குக் குத்தி அனுப்ப முடியுமா? ஒரு வரியும் விடாமல்.

போன் செய்யாதே. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்தவள் நான். குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். உன் குரலை நம்பித்தான் பட்டேன்.

ஹில்க்கா

*

கொட்கா,
19 நவம்பர்

அக்கா,

எழுத்து விழுந்திருந்தது. 'ர' மட்டும் சரியாக விழவில்லை. ஆர்மாஸ் என்பது ஆமாஸ் என்று வந்திருக்கிறது. நாடா மாற்ற வேண்டும்.

புள்ளி குத்தும் பலகையும் ஊசியும் நிலவறையில், மீன் வலைகளுக்கு அடியில் கிடைத்தன. முதல் தாள் முழுக்கக் குத்திவிட்டுத் திருப்பித் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே புரியவில்லை. வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதையே மறந்திருக்கிறேன். அதற்கே மூன்று நாள் போனது. இப்போது நீ விரலால் தொடுவது ஒன்பதாவது தாள். பிழை இருக்கும். பள்ளியில் உன் ஆசிரியை ஒருத்தி பிழை விட்டால் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பாள் என்பாயே, அதை நினைத்துக்கொண்டே குத்துகிறேன்.

அனுப்பு. எல்லாவற்றையும் குத்தித் தருகிறேன். வேலையும் ஒன்றுமில்லை. பாரந்தூக்கி ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் துறைமுகம் வரை நடந்து, கப்பல்களைப் பார்த்துவிட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு வருவேன். அதோடு அன்றைய பேச்சு வார்த்தை முடிந்தது. ரொட்டிக் கடைக்காரியிடம் "அதேதான்" என்பேன், அவள் "அதேதானா" என்பாள்.

பெண்டாட்டி இல்லாத வீடு இது; லெம்பி போய் ஆறு வருஷம் ஆகிறது. உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அப்போது உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

நீ கடைசி வரியில் எழுதியிருந்ததைப் படித்தேன். அதை இப்போது விடுகிறேன்.

ஆர்மாஸ்

*

குவோப்பியோ,
25 நவம்பர்

ஆர்மாஸ்,

தாள்கள் இதனுடன் வருகின்றன. பதினேழு.

மூன்று விஷயம். சுருக்கக் கூடாது. உனக்குப் புரியாத இடத்தைப் புரிந்த மாதிரி மாற்றக் கூடாது. பத்தி எண்ணைப் போடாமல் விடக் கூடாது. குத்தி முடித்த அச்சுப் பக்கங்களைக் கூடவே திருப்பி அனுப்பிவிடு.

லெம்பி போனது தெரியும். மாமா மகள் சொன்னாள். வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அவள் அடக்கத்துக்கு வந்தால் உன் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், அதனால் வரவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறேனா என்று கேட்காதே.

உன் எழுத்து மோசமில்லை. ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு எழுத்து ஆழமில்லாமல் இருக்கிறது. கை அசந்ததும் ஊசியை எடுத்துவிடுகிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான்.

நாடா மாற்றிவிட்டேன்.

ஹில்க்கா

*

கொட்கா,
10 டிசம்பர்

அக்கா,

இருபத்திரண்டு தாள் அனுப்புகிறேன். இது முதல் ஆறு பக்கம்தான். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆறாம் தேதி, சுதந்திர தினத்தன்றுகூட ஜன்னலில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு இதைத்தான் குத்திக்கொண்டிருந்தேன். விரல் நுனி வீங்கிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை.

இப்படியும் ஒரு எழுத்தை நான் பார்த்ததில்லை அக்கா. துறைமுகத்தில் எத்தனையோ விதிப் புத்தகம் படித்திருக்கிறேன், அதிலெல்லாம் ஒரு வாக்கியம் எங்கேயாவது முடியும். இதில் முடிவதில்லை. மூன்றாம் பத்தியில் 'நீங்கள் இதை முழுவதும் படித்துப் புரிந்துகொண்டீர்கள் என்று உறுதியளிக்கிறீர்கள்' என்று வருகிறது. அதைக் குத்தும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மீதியையும் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கலாமாம். அது பழுதானால் அவர்கள் பொறுப்பில்லையாம். இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். உன்னை ஒன்றும் செய்யாது. நான் சொல்கிறேன், நீ இதற்காகக் காத்திருக்காதே, ரைலியை எப்படியாவது சம்மதிக்க வைத்து அழுத்திவிடு. கேசட் நின்றுபோனால் இந்த இருட்டு மாதங்களில் புத்தகமில்லாமல் நீ என்ன செய்வாய்? எனக்கு அதுதான் கவலை. மீதியை மெதுவாக அனுப்புகிறேன்.

ஆர்மாஸ்

*

குவோப்பியோ,
16 டிசம்பர்

ஆர்மாஸ்,

'உன்னை ஒன்றும் செய்யாது. நான் சொல்கிறேன்.'

இந்த இரண்டு வாக்கியத்தையும் நீ குத்திய தாளில் நான் நாலு தடவை தடவிப் பார்த்தேன். நல்ல ஆழமாக விழுந்திருக்கிறது. கை அசரவில்லை.

எதற்காக இதை உன்னிடம் கேட்டேன் என்று உனக்கு இன்னும் புரியவில்லை. சரி, நானே சொல்கிறேன். 1992 ஏப்ரல். அம்மா போய் எட்டு மாதம். என் வீட்டு வரவேற்பறை. பாகப் பத்திரத்தை நீ படித்தாய், நான் கேட்டேன். ஏரிக்கரை வீடு உனக்கு, குவோப்பியோ வீடு எனக்கு. அம்மா தன் உயிலில் எழுதியபடி நான் சாகும்வரை ஏரிக்கரை வீட்டில் போய் இருக்கலாம், அதில் மாற்றமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பத்தியைப் படித்தாய். இருமினாய். ஐந்தாம் பத்தியைப் படித்தாய். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூனில் வாடகைக் காரில் போனேன். பையில் காபித்தூள், படுக்கை விரிப்பு, இரண்டு ரை ரொட்டி. சாவி பூட்டில் நுழையவில்லை. பூட்டு புதிது, விரலுக்கு வழவழவென்று இருந்தது. சாவியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு வேணும் உங்களுக்கு?" என்றது. நல்ல பெண்தான். "இந்த வீட்ட நாங்க வாங்கிட்டோமே, உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டாள். வெந்நீராவிக் குளியல் சவுனாவிலிருந்து புகை வாசனை வந்தது, அவர்கள் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னாள். கார் போய்விட்டிருந்தது. அடுத்த கார் வரும்வரை என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவள் ஊற்றிய காபியைக் குடித்தேன்.

நாலாம் பத்தியில் என்ன இருந்தது என்று பிறகு வக்கீல் படித்துச் சொன்னார். 'ஹில்க்கா தன் குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுக்கிறார்.' கையெழுத்து என்னுடையதுதான். யார் நம்புவார்கள்?

பணத்துக்காகத்தானே? படகு வாங்கினாய் என்று கேள்விப்பட்டேன்.

நீ அனுப்பிய இருபத்திரண்டு தாளில் நானாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தை மட்டும் அச்சிலிருந்து படிக்கச் சொல்லி ரைலியைக் கெஞ்சினேன். அதற்காகத்தான் அந்த ஆறு பக்கத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னேன். "அக்கா, எனக்கு வேலை போயிடும்" என்று முனகிக்கொண்டே படித்தாள். வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கிறது.

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே.

ஹில்க்கா

*

கொட்கா,
28 டிசம்பர்

அக்கா,

பண்டிகை முடியட்டும் என்று காத்திருந்தேன். பொய். எழுதப் பயந்துகொண்டிருந்தேன்.

படகு 1996இல் வாங்கியது. பணம் லெம்பியின் அப்பா கொடுத்தது. ஏரிக்கரை வீட்டுப் பணம் எதற்கும் ஆகவில்லை. இன்றுவரை அதை நான் தொடவில்லை. பணத்துக்காக இல்லை அக்கா.

அம்மா போன அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரம், உனக்குச் சொல்லாமல் ஏரிக்கரைக்கு வந்தேன். நீ அங்கே தனியாக இருந்தாய். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், விறகும் வெட்டித் தரலாம் என்று வந்தேன். காரை மேலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். நீ ஏரிமேல் இருந்தாய். ஏரி உறைந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். கையில் வாளி. இன்னொரு கையில் கோல். தட்டித் தட்டி நடுவே போய்க்கொண்டிருந்தாய். கரையில் பனிக்கு அடியில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் நீ திரும்புவாய், திரும்பும்போது கால் தவறும் என்று கத்தவில்லை. உன் பின்னால் வரலாம் என்றால் என் எடைக்கு உடையும். அப்படியே நின்றேன். பனியில் வெட்டியிருந்த துவாரத்தில் குனிந்து வாளியை முக்கினாய். ஏதோ பாடிக்கொண்டிருந்தாய். திரும்பி வந்து, நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஏறி உள்ளே போனாய். நான் மேலே போய்க் காரில் ஏறினேன். கதவைத் தட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கனவு. வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அதனால் கேட்காமலே செய்துவிட்டேன். அந்தப் பத்தி வந்தபோது இருமல் வந்தது நிஜம். இருமி முடித்த பிறகு கண் தானாக ஐந்தாம் பத்திக்குப் போயிற்று. திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை.

நீ சாகக் கூடாது என்றுதான் செய்தேன். அவ்வளவுதான் அக்கா.

ஆர்மாஸ்

*

குவோப்பியோ,
4 ஜனவரி 2007

ஆர்மாஸ்,

பணத்துக்காக என்றிருந்தால் மன்னித்திருப்பேன்.

பணம் என்றால் ஆசை. ஆசை எனக்கும் புரியும். நீ செய்தது அதைவிடப் பெரியது. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, நான் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று கரையில் நின்றுகொண்டே தீர்ப்பு எழுதிவிட்டாய். அந்தப் பனி எனக்குத் தெரியும். கோலால் தட்டினால் அது எவ்வளவு தடிமன் என்று சொல்லும். பன்னிரண்டு வயதிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெலிந்த பனியின் சத்தம் வேறு. உனக்குக் கண் இருந்தது, அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது, பயந்தாய். அந்தப் பயத்தை என் தலையில் கட்டினாய்.

கூப்பிட்டிருக்கலாம். "அக்கா, பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். உன்னையும் கூட்டிப்போய்த் தட்டிக் காட்டியிருப்பேன்.

பதினைந்து கோடை, ஆர்மாஸ். இந்த நாலு சுவருக்குள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கீழே பேருந்துகள் நின்று கிளம்புவதைக் கேட்டபடி.

கேசட் நின்றுவிட்டது. கடைசியாக வந்தது ஒரு பயணக் கட்டுரை. மூன்று தடவை கேட்டாயிற்று.

மீதித் தாள்களை அனுப்பு. உன் அபிப்பிராயம் வேண்டாம்.

ஹில்க்கா

*

கொட்கா,
21 ஜனவரி

அக்கா,

முப்பத்தொன்பது தாள். ஏழாம் பக்கம் முதல் பதினேழாம் பக்கம் வரை. பத்தி எண்கள் எல்லாம் இருக்கின்றன. பதினோராம் பத்தியில் ஒரு வாக்கியம் இரண்டு தடவை வரும். அச்சிலேயே அப்படித்தான் இருக்கிறது.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

ஆர்மாஸ்

*

குவோப்பியோ,
3 பிப்ரவரி

ஆர்மாஸ்,

படித்து முடித்தேன். அறுபத்தொரு தாள். அடுத்தடுத்து நாலு நாள்.

மேசைமேல் அந்தக் கணினி பேசாமல் உட்கார்ந்திருக்க, அதன் பக்கத்திலேயே தாள்களை விரித்துவைத்துப் படித்தேன். பதினான்காம் பத்தியில் வந்தது: 'இந்த நிபந்தனைகளை நீங்கள் ஏற்காவிட்டால், பயன்படுத்தாத கணினியை விற்ற இடத்திலேயே திருப்பிக் கொடுத்து, கொடுத்த தொகையைப் பெறலாம்.' இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். பிறகு கடைக்குப் போன் செய்தேன்.

"பிரிச்ச பெட்டிய எடுக்க மாட்டோம்மா, அன்னிக்கே சொன்னேனே."

"பதினாலாம் பத்தி என்ன சொல்லுது?"

"எந்தப் பதினாலாம் பத்தி?"

"நீங்க அழுத்தச் சொன்னீங்களே, அதுல."

யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார். "நீங்க அத முழுசா படிச்சீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பேய்க்கதை கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"படிச்சேன். எனக்கு சம்மதமில்ல."

வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார். என் வாழ்க்கையில் எத்தனையோ காகிதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரோ விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைப்பார்கள், நான் போடுவேன். ஒரு காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அறுபத்து நாலு வயதில்.

அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் மேசை காலியாக இருந்தது. புத்தகமும் இல்லை. நூலகத்தில் வேறு ஏதோ வழி பார்க்கிறார்களாம், வசந்தம் ஆகுமாம். வீட்டில் எனக்குப் படிக்க இருப்பது உன் ஒப்பந்தம் ஒன்றுதான். அதனால் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சிரிக்காதே. நீ எந்த இடத்தில் காபி குடிக்க எழுந்தாய், எங்கே உனக்குத் தூக்கம் வந்தது, எங்கே கோபத்தில் ஊசியைக் குத்தினாய், எல்லாம் விரலுக்குத் தெரிகிறது. எட்டாம் பத்தியில் ஒரு சொல்லைத் தப்பாகக் குத்திவிட்டு நகத்தால் அழித்திருக்கிறாய்.

அப்படிப் படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் தடவை அவசரத்தில் விட்டுவிட்டேன். நாற்பத்து நாலாம் தாளிலிருந்து எழுத்து மாறுகிறது. ஆழமே இல்லை. வரியின் நடுவிலேயே கை அசருகிறது. மேசையில் வைத்துக் குத்தியதும் இல்லை; ஏதோ மெத்தென்ற ஒன்றின்மேல் வைத்துக் குத்தியிருக்கிறாய். தாளை முகர்ந்து பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் அந்த வாசனையில் வேலை பார்த்தவளிடம் மறைக்க முடியாது.

நீ எங்கிருந்து எழுதினாய்? என்ன ஆயிற்று உனக்கு?

எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று இந்தத் தடவையும் நீயே முடிவு செய்யாதே.

ஹில்க்கா

*

கொட்கா,
12 பிப்ரவரி

அக்கா,

சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ஜனவரி எட்டாம் தேதி துறைமுகத்திலிருந்து திரும்பும்போது நெஞ்சை அடைத்தது. ரொட்டிக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைக்காரிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் வேறு வார்த்தை பேசினாள். "பேர் என்ன உங்களுக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் உட்கார விட்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் நல்லவள். வீட்டுச் சாவியைக் கொடுத்தேன், பலகையையும் உன் தாள்களையும் எடுத்து வந்து கொடுத்தாள். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் டக்டக்கென்ற சத்தம் தாங்காமல், "என்னய்யா, காதல் கடிதமா?" என்று கேட்டார். "ஒப்பந்தம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்திருக்கிறது. மார்பைத் திறந்து செய்ய வேண்டுமாம். மார்ச் முதல் தேதிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிழைப்பவர்கள்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். தொண்ணூற்றாறு என்றார். எண்ணையும் எழுதிவிட்டேன்.

உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்ததற்குக் காரணம், எழுதினால் அது மன்னிப்பு வாங்கும் தந்திரம் மாதிரி இருக்கும் என்பதுதான். அப்படி நீ நினைத்தாலும் சரி. உண்மை இதுதான்.

பயமாக இருக்கிறது அக்கா.

ஆர்மாஸ்

*

குவோப்பியோ,
17 பிப்ரவரி

ஆர்மாஸ்,

27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் கிளம்புகிறேன். கொவோலாவில் ஒரு மாற்றம். பிற்பகல் மூன்று மணிக்குள் துறைமுக நிலையத்தில் இறங்குவேன். இதை உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். அது இன்னும் உண்மையில்லை. அதனால் எழுதவில்லை. மன்னிக்காமலும் வரலாம் என்று தோன்றுகிறது.

ரைலி, "தனியாவா போறீங்க? இந்தப் பனியிலயா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும்.

கலகுக்கோ ஒன்று கொண்டுவருகிறேன். கொட்காவில் மீனை ரொட்டிக்குள் வைத்துச் சுடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று அம்மா சொல்வாள். டாக்டர் உன்னைத் தின்ன விடுவாரா என்று கேட்டு வை. விடாவிட்டால் நான் தின்கிறேன், நீ பார்த்துக்கொண்டிரு.

நிலையத்துக்கு வராதே. குளிர்காற்று உன் நெஞ்சுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். வழியை மட்டும் எழுது.

ஹில்க்கா

*

கொட்கா,
21 பிப்ரவரி

அக்கா,

வராதே, பனி மோசமாக இருக்கிறது என்று ஒரு தாள் குத்தினேன். அதைக் கிழித்துவிட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கும் டாக்ஸிக்காரரை அனுப்பட்டுமா என்று இன்னொரு தாள். அதையும் கிழித்தேன். வேண்டுமென்றால் நீயே கூப்பிடுவாய். எண் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

நேற்றும் இன்றும் மெதுவாக நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். அடிகள் என் அடிகள். உனக்குக் கொஞ்சம் கூட வரும்.

வண்டியிலிருந்து இறங்கினால் நடைமேடை ஒன்றுதான். தண்ணீர் இடது பக்கம். காற்று எப்போதும் அங்கிருந்துதான் வரும், இடது கன்னத்தில் வைத்துக்கொண்டு நட. நூற்றுப் பத்து அடியில் ஒரு சரிவு. படியில்லை. சரிவு முடிந்ததும் வலது பக்கம் திரும்பு. தெருவைக் கடக்கும் இடத்தில் போக்குவரத்து விளக்குக்கம்பம் டிக்டிக்கென்று அடிக்கும். வேகமாக அடிக்கும்போது கடக்கலாம். சரக்கு லாரிகள் சில சமயம் நிற்காமல் போகின்றன. நேற்று ஒன்று போயிற்று.

கடந்ததும் ரொட்டிக் கடை. வாசனையே சொல்லும். அங்கிருந்து மேட்டுத் தெரு. அறுபது அடிவரை வழுக்காமலிருக்க மணல் தூவியிருக்கிறார்கள். பிறகு தூவவில்லை. நகராட்சிக்குச் சொன்னேன், வரவில்லை. அந்த இடம் முழுக்கக் கண்ணாடி மாதிரி பனி, அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீரும் நிற்கிறது. நான் அங்கே ஒரு தடவை வழுக்கினேன். சுவர் ஓரமாக வலது கைக்கு ஒரு இரும்புக் கம்பி கிடைக்கும். பதினெட்டு அடி தூரம் அதைப் பிடித்துக்கொண்டு வரலாம். பிறகு கம்பி முடிந்துவிடும்.

அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒன்பது அடி. பிறகு என் வாசல்.

ஆர்மாஸ்